மாருதிக்கு வைத்த முகம்

ரெபேக்காள் பானெட்டின் மேல் கையை வைத்தாள்.

தர்மராஜ் மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார். பெயின்ட் நேற்றுதான் காய்ந்திருந்தது. மனைவியின் விரல்கள் உருண்டை விளக்கைத் தொட்டன, கிரில் கம்பிகளைத் தடவின, மட்கார்டின் மேட்டில் ஏறி இறங்கின.

அது பழைய மாருதி 800. முகம் மட்டும் அம்பாசடர்.

மாமல்லபுரத்தில் டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு ஓடிய க்ரீம் கலர் அம்பாசடர் ஒன்று ஒரு காலத்தில் அவரிடம் இருந்தது. சவாரி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் ரெபேக்காளை முன்சீட்டில் உட்காரவைத்துக் கடலோரமாக ஒரு சுற்று போய் வருவார். அந்த வண்டி இரும்புக்கடைக்குப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. அடுப்பில் வைத்த பாலை மறந்தாள். மஸ்கட்டிலிருந்து வீடியோவில் கூப்பிடும் மகள் ஜாய்ஸை யாரென்று கேட்டாள். அம்பாசடரை மட்டும் மறக்கவில்லை.

போன மாதம் ஜாய்ஸ் ஏற்பாடு செய்த டாக்ஸி கோவளத்து வீட்டு வாசலில் வந்து நின்றபோது, இது எங்க வண்டி இல்லை என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு அலறினாள். டிரைவரும் பக்கத்து வீட்டுக்காரரும் அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார்கள். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. தர்மராஜ்தான் போதும் போதும் என்று கத்தி, டாக்ஸியைத் திருப்பி அனுப்பினார்.

மறுநாளே, அவள் ஏற மறுத்துவந்த தன் மாருதியின் முன்பக்கத்தைக் கழற்ற ஆரம்பித்தார்.

தெர்மாகோலை ஒட்டிச் செதுக்கிப் பாதி முகம் கொண்டுவந்துவிட்டார். மேலே ஃபைபர் துணியை விரித்து ரெசின் பசையை ஊற்றியதும் அத்தனையும் கரைந்து, குழிந்து உள்ளே போய்விட்டது. ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப்போடும் ராஜாராம் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"அண்ணாத்த, தெர்மாகோல ரெசின் துன்னுடும். ஒடஞ்ச ஐஸ்பெட்டி எதுனா கெடச்சா பாரு, உள்ள மஞ்சா ஃபோம் கீது. அத்த வச்சி செய்யி."

கரையில் கிடந்த பெட்டிகளை உடைத்து, மீன் வாடை போகாத அந்த மஞ்சள் ஃபோமைக் கொண்டுவந்தார். ரம்ப பிளேடால் அறுத்தார். உப்புத்தாளால் தேய்த்தார். ஃபைபர் துணியும் ரெசினும் அடுக்கடுக்காக ஏற்றி, காய்ந்ததும் பட்டி பூசி, மறுபடி தேய்த்தார். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு செய்தாலும் ஃபைபரின் கண்ணாடித் தூள் தோலில் ஏறி அரித்தெடுத்தது. சில நேரம் தாளைக் கீழே போட்டுவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிடுவார்.

அந்த வண்டியின் ஒவ்வொரு திருகும் தெரிந்த அவருக்கு ஒன்று மட்டும் தெரியவில்லை. இடது பக்கம் உட்கார்ந்து பார்த்தால் பானெட் எப்படித் தெரியும்? அவர் ஒரு நாளும் அந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை. மாருதியின் இடது சீட்டில் ஏறி, அவள் உயரத்துக்குக் குனிந்து பார்ப்பார். இறங்கி வந்து கொஞ்சம் தேய்ப்பார். மறுபடியும் ஏறி உட்காருவார்.

இப்போது அவள் கை பானெட்டின் மேல் நின்றுவிட்டது.

"வந்துட்ச்சா வண்டி? இவ்ளோ நாளு எங்க போயிருந்துச்சு?"

"ரிப்பேருக்கு உட்டுருந்துச்சு" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். நல்ல புடவையாகப் பார்த்து எடுத்து நீட்டினாள். அவர் மடிப்பு வைத்துக் கட்டிவிட்டார். வெளியே வந்ததும் யாரும் சொல்லாமலே இடது கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

நெம்மேலிப் பக்கம் கடல் தெரிந்தபோது கண்ணாடியை இறக்கச் சொன்னாள். மாமல்லபுரத்தில் வலது பக்கம் திரும்பித் திருக்கழுக்குன்றம் ரோட்டைப் பிடித்தார். வழியெல்லாம் அவள் பானெட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு முந்திப் போயின. அவர் வேகத்தைக் கூட்டவே இல்லை.

செங்கல்பட்டு தாண்டி ஒரு பச்சை கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார்.

நினைவு தப்பியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. போன மாதம் டாக்ஸி வந்ததும் இங்கே கூட்டி வரத்தான். வருகிற திங்கட்கிழமை தர்மராஜின் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். நல்லபடியாக எழுந்து வந்தாலும் இனி மனைவியைத் தூக்கிக் குளிப்பாட்டுகிற வேலையெல்லாம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சிஸ்டர் ஒருவர் வந்து கார்க் கதவைத் திறந்தார். ரெபேக்காள் சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள்.

பின்சீட்டில் இருந்த அவளுடைய பையை எடுத்து சிஸ்டரிடம் கொடுத்தார் தர்மராஜ். என்ன சொல்லிவிட்டுப் போவது என்று வழிநெடுக யோசித்துக்கொண்டு வந்திருந்தார்.

அவள்தான் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லா ரிப்பேர் பண்ணிக்கீறே நைனா. வண்டிய எங்க வூட்டுக்காரர்கிட்ட பத்திரமா குடுத்துடு. அவரு வந்து என்னிய கூட்டிகினு போவாரு."

"சரிம்மா" என்றார் தர்மராஜ்.