மாற்றுவழி நிபுணர்

எங்கள் எறும்புப் புற்றுக்கு வாசல் கோலத்து அரிசிமாவுதான் சாப்பாடு. அது தடைபடக் கூடாதென்று செருப்பு, சைக்கிள் சக்கரம், பல்லி எல்லாம் எப்போது வரும் என்ற தரவுகளைச் சேர்த்து, ஒரு பாதை அடைபட்டால் இன்னொன்று என்று வரைபடம் போட்டேன். இனிமேல் பஞ்சமே கிடையாது என்று ராணியிடம் மார்தட்டினேன்.

இன்று காலை மூன்று ஆபத்துகளும் சேர்ந்தே வந்தன. ஒருவருக்கும் அடிபடாமல் எல்லோரும் கோலத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பெருமையில் என் ஆறு காலும் தரையில் பாவவில்லை.

முதலில் வாய்வைத்த கருவாயி, "வழுக்குதுங்க" என்றாள்.

வீட்டுக்காரம்மா ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருந்தார்.

"புற்றுல குஞ்சுங்க பசியோட இருக்குமே. போய் என்ன சொல்றது?" என்று கருவாயி கேட்டாள்.

நான் வரைபடத்தை இன்னொரு முறை சரிபார்த்தேன்.

"பாதையெல்லாம் சரிதான். கோலம்தான் தப்புன்னு சொல்லு."