பார்ட்னர் யோசித்தால்

வெங்கடாசலம் "நாலு ஆர்ட்டின்" என்று ஏலம் கேட்டதும், எனக்கு எதிரே பார்ட்னராக உட்கார்ந்திருந்த என் கணவர் சவுரிராயன் யோசிக்க ஆரம்பித்தார்.

அவர் யோசிக்கிற ஆளே இல்லை. சீட்டைக் கையில் விரிக்கும் முன்பே கேட்டு முடித்துவிடுவார். பஸ் பிடிக்கிற மாதிரி ஆடுகிறார் என்று திண்டிவனத்தில் எல்லோரும் கேலி செய்வார்கள்.

விழுப்புரம் மனமகிழ் மன்றத்து பிரிட்ஜ் கோப்பைக்கு அதுதான் கடைசி ஆட்டம். போன வருடமும் இதே வெங்கடாசலத்திடம்தான் கோட்டை விட்டோம். இந்த முறையும் தோற்றால் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று பஸ்ஸிலேயே சொல்லியிருந்தேன்.

என் கையில் ஏஸ், ராஜாவோடு ஆறு ஸ்பேடு. பார்ட்னரிடம் நாலு பெரிய சீட்டு, கொஞ்சம் சரக்கு இருந்தால் போதும், நாலு ஸ்பேடு கேட்டுக் கோப்பையைத் தூக்கிவிடலாம்.

இவ்வளவு யோசிக்கிறார் என்றால் சரக்கு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அங்கேதான் பிரிட்ஜ் ஆளைச் சோதிக்கும். பார்ட்னர் யோசித்ததை வைத்து நாம் கேட்டால் அது திருட்டு. அவர் முகத்தைப் படிப்பதும் திருட்டுதான். நான் திருடி ஜெயிக்கிறவள் இல்லை.

அவர் என்னையே பார்ப்பது தெரிந்தது. நான் பச்சை விரிப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கடைசியில் "பாஸ்" என்றார். வெங்கடாசலத்தின் ஜோடி குமரேசனும் பாஸ்.

என் முறை. நடுவரைக் கூப்பிடத் தயாராக வெங்கடாசலம் என் வாயையே பார்த்தார்.

என் கையை மட்டும் பார்த்தால் பாஸ்தான். "பாஸ்" என்றேன். எனக்கே என்னை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஆர்ட்டினில் நாலு பொடிச் சீட்டு என் கணவரிடம் மாட்டியிருந்ததில் வெங்கடாசலத்துக்கு ஒரு பிடி குறைந்தது. கோப்பை எங்களுக்கு.

ஆடி முடித்துப் பார்த்தால், கணவர் கையில் ஒரு படச்சீட்டுகூட இருந்திருக்கவில்லை. நாலு ஸ்பேடு கேட்டிருந்தால் மானம் போயிருக்கும்.

வெங்கடாசலமே எழுந்து வந்து எனக்குக் கை கொடுத்தார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"ஒண்ணுமே இல்லாத கைய வெச்சிக்கினு எதுக்குங்க அவ்ளோ நேரம் யோசிச்சீங்க?" என்று கணவரைச் சீண்டினேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யோசிக்கல செல்வி. எதுர்ல குந்திக்கினு இருக்கிற பொம்பள யாருன்னு அப்ப தெரில. மூஞ்சியக் காட்டுவாளான்னு பாத்துக்கினு இருந்தேன்."

கோப்பை வாங்க எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.