இடது கை ஊன்றிய நிலை

அவர் இடது கையைப் பின்னால் ஊன்றி உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் பின்னால சார்," என்றாள் அவள். "உடம்புப் பாரம் முழுக்க அந்தக் கையில வரணும். முகத்தை இப்படித் திருப்புங்க. என்னையே பாருங்க."

அவர் சிரித்தார். "அட, நம்ம 'பசி'!"

ஓவிய வகுப்பு மாணவர்கள் ஒன்பது பேரும் சுவரில் தொங்கிய படத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். டெல்லி வரை போய் அவருக்குப் பரிசு வாங்கிக் கொடுத்த படம். கிழிந்த சேலையில் ஒரு பெண், இடது கையைப் பின்னால் ஊன்றி, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கிறாள்.

புதிதாகச் சேர்ந்த அம்மாள் தன் படத்துக்கு மரியாதை செய்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நினைக்கட்டும்.

மாதக் கடைசி ஞாயிறு ஆசிரியரே மாடலாக உட்காருவது அந்த வகுப்பின் வழக்கம். எப்படி உட்கார வேண்டும் என்று சொல்வது கடைசியாகச் சேர்ந்தவரின் உரிமை. கடிகாரமும் அவர் கையில்தான். இருபது நிமிடம் ஆனதும் "போதும் சார்" என்று சொல்ல வேண்டும்.

இந்த வழக்கத்தைக் கேள்விப்பட்டுத்தான் அவள் இங்கே சேர்ந்தாள்.

ஐம்பத்தாறு வயதில் படம் வரையக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும் மகன் மூன்று இடம் பார்த்துச் சொன்னான். ஒன்று பக்கத்துத் தெரு. இன்னொன்றில் ஒரு சின்னப் பெண் கரித்துண்டைக் கையில் கொடுத்து, பயப்படாமல் கிறுக்குங்கள் என்றாள். நல்ல பெண். மூன்றாவது, வீட்டிலிருந்தபடியே செல்போனில். மூன்றையும் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய நான்காவதைப் பிடித்துக்கொண்டாள் இவள்.

"அங்க அப்படி என்னம்மா ஒசத்தி?" என்றான் மகன்.

"அங்கதான் ஆளை எதிர்ல உக்கார வச்சு வரையறாங்க."

பொய் இல்லை.

பத்து நிமிடம்.

இப்போது மணிக்கட்டு வலிக்கும்.

பதினைந்தில் முழங்கை. இருபதில் தோள்பட்டைக்குள் எறும்பு ஊரத் தொடங்கும். முப்பதைத் தாண்டினால் அந்தக் கை நம்முடையதுதானா என்றே சந்தேகம் வந்துவிடும். தினமும் ஏறுகிற பஸ்ஸின் நேரம் போல அவளுக்கு இது மனப்பாடம்.

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் ஓவியக் கல்லூரியில் அவள் மாடல். இந்தத் தணிகாசலம் கடைசி வருட மாணவன். பதினேழு நாள் இப்படியே உட்கார வைத்தான். ஓய்வு கேட்டால் அசையாதே என்பான். பதினெட்டாம் நாள் மயங்கி விழுந்தாள். மாடல் ஒத்துழைப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தான். வேலை போயிற்று. இன்றைக்கும் இடது கையைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கொள்ள அவளால் முடியாது.

அதைக்கூட விழுங்கியிருப்பாள்.

அப்போது அவள் கட்டிக்கொண்டு போனது தீபாவளிக்கு எடுத்த நீலச் சுங்குடி. ஒரு நூல் பிரியாத புதுச்சேலை. அதைக் கந்தலாக வரைந்து வைத்தான். பசி என்று பெயரும் வைத்தான். பத்திரிகையில் வந்ததைத் தெருவே பார்த்தது. பெண்டாட்டியைப் பட்டினி போட்டா வைத்திருக்கிறாய் என்று அவள் புருஷனைக் கேட்டார்கள். மூட்டை சுமந்து அந்தச் சேலையை எடுத்துக் கொடுத்த மனிதர். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கவில்லை.

இருபது நிமிடம் ஆயிற்று.

அவள் கடிகாரத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

அவள் வந்தது ஒரே ஒரு காரியத்துக்கு. அவர் வாயால் அவள் பெயரைச் சொல்ல வேண்டும். பொற்கொடி. அவ்வளவுதான். சொன்ன உடனே விட்டுவிடுவாள். பதினேழு நாள் உற்று உற்றுப் பார்த்த முகம் மூன்று வாரமாக எதிரில் வந்து உட்காருகிறது. வாங்கம்மா என்கிறார், உட்காருங்கம்மா என்கிறார், கோடு நடுங்குதே என்கிறார். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இருபத்தைந்து.

அவர் நெற்றி வியர்த்தது. சட்டைக் கைக்குள் முழங்கை நடுங்கியது. அந்த நடுக்கத்தைக் காகிதத்தில் பிடிக்கப் பார்த்தாள். வரவில்லை. காது வேறு கரண்டி மாதிரி வந்திருந்தது. பரவாயில்லை, அவள் கற்றுக்குட்டிதானே.

அவர் ஓய்வு கேட்க மாட்டார். அசைகிற ஆள் மாடலே இல்லை என்று போன வாரம்தான் வகுப்பில் வாய் கிழியப் பேசினார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பக்கத்து ஸ்டூல் பெண் நிமிர்ந்தாள். "ஆன்ட்டி, டைம் ஆகலையா?"

"நான் பாத்துக்கறேன்மா. நீ வரை."

முப்பத்தைந்து.

அவர் உதடு வெளுத்துவிட்டது. கண் முதல் தடவையாக அவள் முகத்தில் வந்து நின்றது. கன்னத்துக்குப் போயிற்று. தாடைக்கு இறங்கியது. அங்கிருந்து மெல்ல அவள் இடது தோளுக்கு வந்தது. அப்புறம் நகரவில்லை.

அவள் பென்சில் நின்றது. சொல்லு. சொல்லித் தொலை. இந்த ஒரு சொல்லுக்காகவா இத்தனை வருடம் என்று வெட்கமாகவும் இருந்தது.

"நீ..." என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "சுகுணாதானே?"

சுகுணா அந்தக் கல்லூரியில் இன்னொரு மாடல். செவ்வாய்க்கிழமைகளில் வருவாள். நல்ல உயரம், சிவப்பு. இவளுக்கும் அவளுக்கும் ஒரு நகம்கூட ஒத்துப்போகாது.

அவள் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

"சுகுணா செத்துப் பதினோரு வருஷம் ஆச்சு சார்," என்றாள். "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க."

அவர் தூக்கினார்.