இடப்பக்கம் காலி

லிஸ்பன் நகரைச் சுற்றிக்காட்ட நான் கூட்டிப்போன குழுவில் தெய்வானையம்மா மட்டும் தனியாக வந்திருந்தார். கோட்டை வாசலில் போனை நீட்டினார்.

“எனக்கு இடப்பக்கம் ஒரு ஆள் நிக்கிற அளவுக்கு எடம் விட்டு எடுங்க தம்பி. டிக்கெட் போட்டப்ப அவர் இருந்தாரு. ஊர்ல ஸ்டுடியோவுல சேத்துக் குடுப்பாங்க.”

தேவாலயத்திலும் மஞ்சள் டிராமிலும் வெறும் காற்றின் பக்கம் தோளைச் சாய்த்து நின்றார். டிராமில் பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்து யாரையும் உட்காரவிடவில்லை.

கடைசியாக, தண்ணீருக்குள் இறங்கும் படித்துறைக்கு வந்தோம். அலை படியேறிக்கொண்டிருந்தது. அவர் எனக்குப் பின்னாலேயே நின்றுவிட்டார்.

“போய் நிக்கலையாம்மா?”

“வேணாம் தம்பி. இங்க வெறும் தண்ணிய மட்டும் எடுங்க. எங்க ரெண்டு பேரையும் ஸ்டுடியோவுலயே சேத்துருவாங்க.”