ஒற்றைக்காலில் ஒரு கேமரா

கேமராவின் அடியில் திருகியிருந்த ஒற்றைக் கம்பியைச் சாலையோரத்தில் அழுத்தி ஊன்றி, மச்சினன் விழுந்து கிடந்த இடத்தை அவன் படம் எடுத்தான்.

"ஏங்க, என்னங்க பண்றீங்க?" மனைவியின் குரல் உடைந்தது. "அங்க கிடக்கிறது என் தம்பிங்க!"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

மலைச்சாலையில் வேனை நிறுத்தி இறங்கிய சற்று நேரத்தில் தம்பி சறுக்கிப் பள்ளத்தில் விழுந்திருந்தான். வளைவைச் சுற்றி இந்தப் பக்கம் வந்த பிறகுதான் அவன் கிடந்த பாறை கண்ணில் பட்டது. இங்கிருந்து அவனுடைய ஜெர்க்கின் வெறும் நீலப் புள்ளி.

மீட்புக்குழுத் தலைவர் பைனாகுலரை இறக்கினார். "கால் மணி நேரமா பார்த்தாச்சும்மா. கத்திக் கூப்பிட்டும் பார்த்தாச்சு. அசைவே இல்ல."

"இறங்கிப் பாருங்க சார். உங்க கால்ல விழறேன்."

"கல்லு உதிர்ந்துக்கிட்டே இருக்கும்மா. மூடுபனி வேற ஏறுது. உயிர் இருக்குன்னு தெரிஞ்சா இந்த நிமிஷமே கயித்தக் கட்டிடுவேன். இல்லேன்னா நாளைக் காலையிலதான். என் ஆளுங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

க்ளிக்.

வேன் டிரைவருக்குப் பொறுக்கவில்லை. "எடுங்க சார், நல்லா எடுங்க. கம்பி வெச்சா படம் கலங்காதுன்னு வழியெல்லாம் சொன்னீங்களே! 'மாமாவோட ஒத்தைக்கால் பொண்டாட்டி'ன்னு அந்தத் தம்பி கிண்டல் பண்ணிச்சு. அதுக்கா இப்படிப் பழிவாங்குறீங்க?"

அவன் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தான். அதே இடம், அதே அளவு. மறுபடி கடிகாரம். மறுபடி க்ளிக்.

மனைவி கம்பியைப் பிடுங்க வந்தாள்.

"தொடாதே!"

கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவளிடம் அவன் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்கள்லாம் மனுஷனா?"

கீழிருந்து ஏறி வந்த பனி நீலப் புள்ளியை மூடியது. தலைவர் கையசைக்க, ஆட்கள் கயிற்றுச் சுருளை ஜீப்பில் திருப்பிப் போட்டார்கள்.

அவன் ஓடினான். கம்பியோடு கேமராவைத் தூக்கி, அதன் திரையைத் தலைவரின் முகத்துக்கு நேரே நீட்டினான். படத்தை விரலால் பெரிதாக்கினான். படம் கொஞ்சமும் கலங்காமல் இருந்தது.

"இது முதல்ல எடுத்தது. ஜெர்க்கின் ஜிப் திறந்திருக்கு. உள்ளே சிவப்பு பனியன் தெரியுது, பாருங்க."

அடுத்த படத்தைத் தள்ளினான். அதற்கும் அடுத்ததை.

"இது பத்து நிமிஷம் கழிச்சு. சிவப்பே இல்ல. ஜிப் கழுத்து வரைக்கும் ஏறியிருக்கு."

தலைவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செத்தவனுக்குக் குளிருமா சார்?"