கயிறு பிடித்த கை

"கயித்தை அறுத்த அயோக்கியன் எவனோ, மரியாதையா முன்னால வந்துரு!"

மைக்கில் கத்திய சண்டை மாஸ்டரின் குரல் குவாரிச் சுவரில் மோதித் திரும்பியது.

சங்ககிரிக்கு வெளியே, கல் எடுத்து முடித்த பழைய குவாரி. அறுபதடி உயரப் பாறைச் சுவர். படத்தின் கதையில் கதாநாயகி அதன் உச்சியிலிருந்து விழுகிறாள். நிஜத்தில் அவளுடைய டூப் அறிவுச்செல்வி விழ வேண்டும்.

செல்வி இடுப்பில் பெல்ட் மாட்டியாயிற்று. அவளைத் தாங்க வேண்டிய கயிறு இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது.

அவள் கால் நடுங்கியது. ஐந்து வருடத்துக்கு முன் உடைந்த அதே இடது கால்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். யூனிட்டுக்குத் தண்ணி லாரி ஓட்டும் முருகானந்தம்.

"நான்தானுங்க அறுத்தேன்."

செல்வி அவனை நிமிர்ந்து பார்த்தாள். இவனா?

ஒரு காலத்தில் இதே மாஸ்டரிடம் கயிறு பிடித்தவன். அவனுக்கும் அவளுக்கும் தை மாதம் கல்யாணம் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்திருந்தார்கள். மார்கழியில் ஒரு ஷாட்டில் அவள் மேலேயிருந்து விழுந்தாள். கயிறு பிடித்தவன் கையை விட்டுவிட்டான் என்றார் மாஸ்டர். அவனும் ஆமாம் என்றான். அவனுடைய யூனியன் கார்டு போயிற்று; அதோடு கயிறு பிடிக்கிற வேலையும் போயிற்று. கல்யாணமும் போயிற்று. ஆஸ்பத்திரிக்கு வந்தவனை அவள் அறைக்குள்ளேயே விடவில்லை.

"அன்னிக்குக் கால்தான் போச்சு, உசுரு மிச்சமிருக்குதுன்னு வந்தியா?"

"பாதி அறுத்தாத்தான் செல்வி, அது கொலை. நான் ரெண்டா அறுத்திருக்கேன். துண்டாக் கெடக்கற கயித்துல உன்னைய எவன் மேல ஏத்துவான்?"

"பேச்சைப் பாரு! போலீஸைக் கூப்பிடுங்கய்யா!" என்றார் மாஸ்டர்.

"கூப்புடுங்க. கயிறு உள்ளுக்குள்ள நைஞ்சு போச்சு, மாத்துங்கன்னு காலையில சொன்னனுங்களா, இல்லீங்களா? லாரிக்காரன் லாரியப் பாருன்னீங்க. இவகிட்டச் சொல்ல வந்தேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டா."

நிஜம்தான். போனாள்.

குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். மேலே புதுசு போலப் பளபளப்பு. அறுபட்ட முனையை விரித்தாள். உள்ளே இருந்த இழைகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன.

இன்னும் பத்து நிமிஷத்தில் இதில்தான் தொங்கியிருப்பாள்.

"மேலே நல்லாத்தானே இருக்குது. உனக்கெப்படித் தெரிஞ்சது?"

"விரல்ல உருட்டிப் பாத்தாத் தெரியாதா?"

கயிற்றை வாங்கி உருட்டிக் காட்டினான். அப்போதுதான் அவள் அவன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். இரண்டிலும், சுண்டுவிரல் பக்கத்திலிருந்து கட்டைவிரல் வரை, சதை உரிந்து ஆறிய தழும்பு.

கயிற்று வேலை செய்கிற யாருக்கும் அது என்ன தழும்பு என்று தெரியும். பாரத்தோடு ஓடுகிற கயிற்றை விடாமல் பிடித்தவனுக்கு வருவது. விட்டவனுக்கு வராது.

"இது எப்ப?"

அவன் சட்டென்று கையை மூடிக்கொண்டான். "உடு சாமி. பழசு."

"எப்பன்னு கேக்கறேன்!"

"நீ உழுந்த அன்னிக்குத்தான். பின்னால வண்டியில கட்டியிருந்த எடத்துல கயிறு அத்துப்போச்சு. முன்னால நான் ஒருத்தன்தான் புடிச்சிட்டிருந்தேன். முடிஞ்ச மட்டும் புடிச்சேன்."

"அப்புறம் எதுக்குடா கையை விட்டேன்னு ஒத்துக்கிட்ட?"

அவன் மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் பாறையைப் பார்த்தார்.

"பழைய கயிறுன்னு வெளிய தெரிஞ்சா கேஸாயிரும், ஆபரேசன் செலவுக்கு நான் பொறுப்பில்லைன்னாரு. பழிய நீ ஏத்துக்க, அவ கால நான் பாத்துக்கறேன்னாரு. நீ நடக்கோணுமில்ல?"



செல்வி பெல்ட்டைக் கழற்றவில்லை. இன்னும் ஒரு துளை இறுக்கினாள். கால் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. குரல் நடுங்கவில்லை.

"மாஸ்டர், நான் மேல ஏறறேன். புதுக் கயிறு வரோணும். அதை இவருதான் புடிக்கோணும். அதுக்கு இவரு கார்டு திரும்ப வரோணும். இதுல ஒண்ணைக்கூடக் குறைச்சுக்க மாட்டேன். அந்த மைக்கை எடுங்க. அயோக்கியன் எவன்னு கேட்டீங்கல்ல, இத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி இப்ப நீங்களே சொல்லுங்க!"