உயரமான சீட்

"சீட்டு இவ்வளவு உசரமா இருந்தா பசங்க எப்படித் தம்பி பேசிக்குவாங்க?"

வத்சலா இப்படிக் கேட்டதும் மருதமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரூரில் பாடி கட்டிய அந்தப் புத்தம்புதுப் பள்ளி பஸ்ஸில் நான்கு நாள் பயணம் செய்து, அன்று காலையில்தான் பாலிகஞ்சில் இருக்கும் இந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்திருந்தான். அந்தச் சீட்டுகளை வரைந்தவனே அவன்தான். ஏதோ ஒரு கம்பெனி நன்கொடையாகக் கொடுக்கும் வண்டி. முகவரியும் நாற்பது சீட் என்ற எண்ணிக்கையும்தான் அவனுக்குத் தெரியும். வாசல் பலகை வங்காள எழுத்தில் இருந்தது. அவன் கண்ணுக்கு அது ஜிலேபி பிழிந்து வைத்ததுபோலத் தெரிந்தது.

"பேச்சுக்கு என்னங்கக்கா குறைச்சல்? பக்கத்துச் சீட்டுல ஆள் இருக்குமுங்களே" என்றான்.

"பக்கத்துல ஒருத்தர். மத்த முப்பத்தெட்டு பேர்?"

திடீரென்று பிரேக் போட்டாலும் தலை குலுங்காது, கழுத்து நோகாது என்று அவன் பொறுமையாக விளக்கினான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே. வண்டியைப் பார்க்க வந்த மற்ற அம்மாக்கள் ஏசி காற்றில் முகத்தை நீட்டி, "கூப் பாலோ" என்று மெச்சிவிட்டு இறங்கிப் போயிருந்தார்கள். எட்டு ஸ்பீக்கர் வைத்திருப்பதை மட்டும் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

நான்கு மணிக்குப் பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று போய் வந்ததும் பிரின்சிபல் டெலிவரித் தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவார். போட்டுவிட்டால் அப்புறம் ஒரு திருகாணியைக்கூட மாற்ற முடியாது. அது தெரிந்துதான் வத்சலா இறங்காமல் நின்றிருந்தாள்.

கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி இரண்டு வருடமாகக் கிடர்பூர் குவார்ட்டர்ஸில் வாசம். மகள் சாய்பிரியாவுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கு வர ஒரு மணி நேரம், போக ஒரு மணி நேரம்.

"அவளுக்குத் தமிழும் வராது, பெங்காலியும் வராது தம்பி. குவார்ட்டர்ஸ்ல எந்தப் பிள்ளையும் அவளைச் சேத்துக்காது. வகுப்புல டீச்சரைப் பாத்துத்தான் உக்காரணும். வீட்ல நாங்க பாதி புரிஞ்சும் பாதி புரியாமலும் பதில் சொல்றோம். அவ வாயாடறதே அந்தப் பஸ்லதான்."

முற்றத்தின் மூலையில் நின்ற பழைய பஸ்ஸை அவள் காட்டினாள். கிழிந்த ரெக்ஸின், இடுப்புயரக் கம்பிச் சீட்டுகள். மருதமுத்துவுக்குப் பாவமாக இருந்தது. ஊர் ஊராக மாற்றிப் போட்டால் பிள்ளைகள் இப்படித்தான் எந்த மொழியும் ஒட்டாமல் வளரும் என்று நினைத்துக்கொண்டான்.

அவள் அதோடு விடவில்லை. டிசம்பரில் இந்த ஊர் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், உள்ளே விளக்கு பட்டப்பகல் மாதிரி எரிய வேண்டும் என்றாள். ஜன்னலின் கறுப்புக் கண்ணாடியும் வேண்டாமாம். பஸ் திருப்பத்தில் மறைகிறவரை மகள் உள்ளேயிருந்து ஏதாவது சொல்லிக்கொண்டே போவாளாம். மூடிய கண்ணாடிக்குள் சொல்வது இவளுக்கு என்ன எட்டும்? பெற்ற மனசு, என்று விட்டுவிட்டான்.

பிறகு அவள் ஒரு மார்கழிக் காலையைப் பற்றிச் சொன்னாள். அன்றைக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பஸ் மாஷி வரவில்லை என்று இவள் துணைக்குப் போயிருந்தாள். கப்பலுக்காகக் கிடர்பூர் பாலத்தைத் தூக்கிவிட்டார்கள். வெளியே ஒரே பனி. கப்பல் தெரியவில்லை, மஞ்சள் விளக்கு ஒன்று மட்டும் வானத்தில் மெதுவாக நகர்ந்து போனது. டிரைவர் உள் விளக்கைப் போட்டார். பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். முன் சீட்டிலிருந்து சாய்பிரியா கப்பலைப் பற்றி ஏதோ கதை அளக்க, கடைசி சீட்டுப் பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அரை மணி நேரம் பாலம் இறங்கவில்லை. அது இறங்கவே வேண்டாம் என்றிருந்ததாம் வத்சலாவுக்கு.

நான்கு நாள் தூக்கம் கண்ணில் நின்ற மருதமுத்து, தானும் அந்தப் பனிக்குள் உட்கார்ந்திருப்பதாக உணர்ந்தான். மஞ்சள் விளக்கு அவன் கண்ணெதிரே நகர்ந்தது. இருந்தாலும் பிழைப்பு பிழைப்புதானே.

"நாப்பது சீட்டையும் மாத்தோணும்னா முதலாளிகிட்ட நான் என்னன்னு சொல்றதுங்கக்கா? பசங்க ஏறட்டும். அப்புறம் பாருங்க, இறங்கவே மாட்டாங்க."

வத்சலா மூலையில் நின்ற பழைய பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

நான்கு மணி ஆனது. மணி அடிக்கவில்லை. பள்ளிக் கதவுக்கு மேலிருந்த பல்பு ஒன்று மூன்று தடவை விட்டுவிட்டு எரிந்தது. மணி ரிப்பேர் போல என்று எண்ணியபடி அவன் படியோரம் நின்றான். பிள்ளைகள் ஓடி வந்து ஏறினார்கள். மெத்தென்ற சீட்டில் புதைந்தார்கள், பெல்ட்டை மாட்டினார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒருவர் பின் ஒருவராகப் பெல்ட்டை அவிழ்த்து, சீட்டின் மேல் ஏறி நின்று, பின்னால் திரும்பிக்கொண்டார்கள். எல்லோருக்கும் முன்னால் சாய்பிரியா.

மருதமுத்து படியேறி உள்ளே பார்த்தான். பிறகு கையெழுத்துத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அளவு டேப்பை வெளியே எடுத்தான்.

நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்த அந்த வண்டிக்குள், எண்பது கைகள் காற்றில் பறந்துகொண்டிருக்க, ஏசி ஓடும் சத்தம் மட்டுமே கேட்டது.